கிழக்குத் தாம்பரம், சேலையூர்: குடும்பத்தோடு குடிவரலாமா?

வரலாம். ஆனால் ஏரியா பெயரை நம்பி வராதீர்கள், தெருவைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே சேலையூரில் ஒரு தெரு நவம்பர் மழைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கும், நாலு தெரு தள்ளிப் போனால் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். இதைப் புரோக்கர் சொல்லமாட்டார், வீடு தேடும் ஆப்பிலும் இருக்காது.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எதை வைத்து மார்க் போடுகிறேன் என்று தெரியும். எனக்கு வேலை நுங்கம்பாக்கத்தில், கணவருக்கு மறைமலை நகரில். பையன் மூன்றாம் வகுப்பு. கூடவே மாமியார், அவருக்குச் சர்க்கரையும் முட்டிவலியும். இது போதாதென்று நான் கிறிஸ்தவள், கணவர் இந்து. வீடு தேடும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வேறு இடங்களும் பார்த்தோம். நங்கநல்லூர் மாமியாருக்கு ஆசை, அந்த ஆஞ்சநேயர் கோயில் பக்கத்திலேயே இருக்கவேண்டுமாம். மெட்ரோவும் இருக்கிறது, நல்ல இடம்தான், ஆனால் அங்கே கொடுக்கிற வாடகைக்கு இங்கே ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கிறது. குரோம்பேட்டையில் கடை, ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் எல்லாம் கைக்கெட்டும் தூரம், வாடகையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. பம்மல், நாகல்கேணி பக்கம் வாடகை குறைவு. ஆனால் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் அங்கே நிலத்தடி நீர் கெட்டது பல வருடக் கதை, போர் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். முடிச்சூர் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், கீழே வருகிறேன்.

முதலில் மனிதர்கள். குடும்பத்துக்கு ஏற்ற ஊர் என்றதும் எல்லோரும் பள்ளிக்கூடம், பூங்கா என்று ஆரம்பிப்பார்கள். நான் வீடு பார்க்கப் போகும்போது வாசலில் என்ன கேட்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். நகருக்குள்ளும், நான் பெயர் சொல்ல விரும்பாத ஒன்றிரண்டு புறநகர்களிலும், "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே கேட்டார்கள். கொஞ்சம் நாசூக்கானவர்கள் "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்பார்கள், அது கறிக்குழம்பு பற்றிய கேள்வி இல்லை என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நேரத்தில் ஆதாரில் எங்கள் இருவர் பெயரையும் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து தம்பி வருகிறான், வீடு அவனுக்கு வேண்டும் என்றுவிட்டார்கள். தம்பி வரவில்லை போலிருக்கிறது, டு-லெட் பலகை அதற்கப்புறமும் ரொம்ப நாள் தொங்கியது.

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் இந்தக் கேள்வி வரவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் குறைவு. இங்கே பெரும்பாலும் கேட்டது எங்கே வேலை, வீட்டில் எத்தனை பேர், தண்ணீரைப் பார்த்துச் செலவழிப்பீர்களா, இவ்வளவுதான். எனக்குத் தோன்றுகிற காரணம், தாம்பரமே வெளியிலிருந்து வந்தவர்களால் வளர்ந்த ஊர். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காக ஒரு சானடோரியம் ஆரம்பித்தார், ஊர் ஒதுக்கிவைத்த நோயாளிகள் நாலா பக்கத்திலிருந்தும் இங்கே வந்தார்கள். பிற்காலத்தில் எய்ட்ஸ் என்றால் தொடவே பயந்த நாட்களில் அந்த நோயாளிகளும் தேடி வந்தது இதே ஆஸ்பத்திரியைத்தான். 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே இடம் மாறியது, அப்புறம் விமானப்படைத் தளம், ரயில்வே, 1984இல் மெப்ஸ் என்கிற ஏற்றுமதி மண்டலம் என்று ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. எங்கள் மாடியில் பஞ்சாப்பிலிருந்து வந்த விமானப்படைக் குடும்பம், எதிர் வீட்டில் கொல்லத்துக்காரர்கள், பக்கத்தில் திருநெல்வேலி. பாதிப் பேர் வந்தேறிகள் என்கிறபோது யார் யாரை விசாரிப்பது?

அதற்காக இதைச் சமத்துவபுரம் என்று நினைத்துவிடவேண்டாம். என்னோடு வேலை பார்க்கும் இஸ்லாமியத் தோழி இதே பகுதியில் அலைந்தபோது எங்களைவிட அதிக வாசல்களில் "வீடு ஆயிடுச்சும்மா" என்ற பதிலைக் கேட்டாள். கல்யாணமாகாத பசங்களுக்கும் கஷ்டம்தான். ஓனர் அதே கட்டடத்தில் இல்லாத வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு என்பது அவள் கண்டுபிடித்த வழி.

அடுத்து ரயில். நான் இங்கே வந்ததற்கு உண்மையான காரணம் இதுதான். பீச் - தாம்பரம் 1931இலிருந்தே மின்சார ரயில் ஓடுகிற தடம். நிறைய வண்டிகள் தாம்பரத்திலிருந்தே கிளம்புகின்றன, அதனால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். இது எவ்வளவு பெரிய வரம் என்பதைப் பல்லாவரத்தில் ஏறுகிறவர்களைக் கேளுங்கள். கடற்கரை வரை சாதாரண டிக்கெட் 10 ரூபாய். 2025 ஏப்ரலில் இருந்து ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது, குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், மே மாதத்தில் மட்டும் நான் ஏறுவதுண்டு. ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலை என்று அடிக்கடி வண்டிகளைக் குறைத்துவிடுவார்கள், அன்றைக்குக் கல்யாணம் காட்சி என்றால் முன்கூட்டியே கிளம்பவேண்டும். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு லாபம், ஊருக்குப் போகிற எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பல இங்கே நிற்கும், சில இங்கிருந்தே கிளம்பும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது நகருக்குள் இருப்பவர்கள் புலம்பித் தீர்த்தார்கள், எங்களுக்கோ அது வீட்டுப் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி ஆயிற்று. பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்புகிற நாளில் மட்டும் பெருங்களத்தூர் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ஸ்டேஷனிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். வேளச்சேரி சாலையில் கேம்ப் ரோடு சந்திப்பைத் தாண்டவேண்டுமா இல்லையா என்று கேளுங்கள். மாலை ஏழு மணிக்கு அந்தச் சந்திப்பைக் கடக்கிற நேரத்தில் ரயிலில் கிண்டியிலிருந்து சானடோரியம் வந்துவிடலாம். ஷேர் ஆட்டோ தாராளமாக ஓடுகிறது, நடப்பதற்கு நடைபாதை என்று ஒன்று கிடையாது, இருக்கிற இடத்தில் பைக் நிற்கும். மார்க்கெட் மேற்குத் தாம்பரத்தில், சண்முகம் சாலையில். கிழக்கே குடியிருந்தால் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்த்தான் காய்கறி வாங்கவேண்டும், ஆனால் விலையில் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

இப்போது மழை. தாம்பரம் என்றாலே 2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கிய படம்தான் எல்லோர் மனதிலும் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் முடிச்சூர் மூழ்கியது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், அது சரியில்லை. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை பக்கம், அதாவது ஆறு முடிச்சூரைக் கடந்து வந்தபிறகு. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது அதற்கும் மேலே ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி ஆற்றில் இறங்கிய தண்ணீர். இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், செம்பரம்பாக்கத்தை இப்போது ஒழுங்காகத் திறக்கிறார்கள், அதனால் இனி பயமில்லை என்று அங்கே மனை விற்கிறவர்கள் சொல்வார்கள். ஆற்றை அகலப்படுத்தி, மூடிய கால்வாய்கள் கட்டிய பிறகும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தப் பக்கம் மறுபடி தண்ணீர் நின்றது. வாடகை குறைவாக, வீடு பெரிதாக இருப்பதற்கு அங்கே இதுதான் காரணம். வயதானவர்கள் இருக்கிற வீடென்றால் முதல் மாடிக்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

கிழக்குப் பக்கத்தின் கதை வேறு. இங்கே ஆறு இல்லை, ஏரிகள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஓர் ஏரி. மேட்டில் இருக்கிற ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரி நீர் வழிகிற இடம்) வழியாகக் கீழே இருக்கிற ஏரிக்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரவேண்டும், அதற்குத்தான் அந்தக் காலத்தில் போக்குக் கால்வாய் வெட்டிவைத்தார்கள். கால்வாய் இருந்த இடத்தில் இப்போது சாய்ராம் நகர், பாலாஜி நகர் மாதிரி ஏதாவது ஒரு பெயரில் தெரு இருக்கும். ஆகவே வீடு பார்க்கும்போது செய்யவேண்டியது இரண்டு. பக்கத்து ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள், வீடு அதன் வழியில் இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். இரண்டாவது, அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் பேசுங்கள். ஓனரிடம் கேட்டால் "இங்கெல்லாம் தண்ணியே நிக்காது சார்" என்பார், இஸ்திரிக்காரர் எந்த வீட்டுப் படி வரை வந்தது என்று கையைக் காட்டிச் சொல்வார். காம்பவுண்டுச் சுவரில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள், தண்ணீர்க் கறை அங்கே தெரியும்.

ஏரிகளைப் பற்றி ஒரு நல்ல விஷயமும் உண்டு. சிட்லபாக்கம் ஏரி குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்தது, குடியிருப்பவர்கள் ஒன்றுகூடி விடாமல் சத்தம் போட்டு, அரசாங்கம் பணம் ஒதுக்கிச் சீரமைத்தது. இப்போது காலையில் கரை முழுக்க நடப்பவர்கள். இப்படிச் சண்டை போடத் தெரிந்த அக்கம்பக்கம் அமைவது என்னைப் பொறுத்தவரை நல்ல பூங்காவைவிடப் பெரிய வசதி.

குடிநீர் விஷயத்தில் மார்க் குறைக்கிறேன். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள், பெயர் பெரிதானது, குழாய் எல்லா இடத்துக்கும் அதே வேகத்தில் வரவில்லை. பாதாளச் சாக்கடை சில பகுதிகளில்தான் இருக்கிறது, மற்ற இடங்களில் செப்டிக் டேங்க் லாரி. அபார்ட்மெண்டில் மழைக்காலத்தில் அந்த லாரிச் செலவை யார் கொடுப்பது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். குடிக்கக் கேன் தண்ணீர், மற்றதற்குப் போர். மே மாதத்தில் போரில் தண்ணீர் வருமா என்பதை மேல் வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள்.

வாடகை, நாங்கள் பார்த்த இரண்டு படுக்கையறை வீடுகள் எல்லாம் 13,000க்கும் 18,000க்கும் நடுவில். 2017ஆம் வருட வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. அந்த "தவிர"வைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம், பத்து மாதம் கேட்பார்கள். பேசிக் குறைக்கலாம், நாங்கள் குறைத்தோம். தனி இ.பி. மீட்டர் இல்லாத வீட்டுக்குப் போகவே போகாதீர்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஓனர் சொல்வதுதான் விலை, அரசு கொடுக்கிற 100 யூனிட் சலுகை அவர் கணக்கிலேயே நின்றுவிடும்.

பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை, மெட்ரிக், சிபிஎஸ்இ, நல்ல அரசு உதவி பெறும் பள்ளிகள் எல்லாம் உண்டு. மத்திய அரசு வேலையில் இருந்தால் விமானப்படைத் தளத்துக் கேந்திரிய வித்யாலயாவை முயலலாம். ஒரு தனியார் பள்ளியில் எங்களிடம் கட்டணத்துக்கு ரசீது தரமாட்டோம் என்றார்கள், எழுந்து வந்துவிட்டோம். மாமியாரின் முட்டிக்கு சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனம், காலையிலேயே போய்விடுவது நல்லது. தைலம் வேலை செய்கிறதோ இல்லையோ, அங்கே இரண்டு சிநேகிதிகள் பிடித்துவிட்டார், நங்கநல்லூர் பேச்சு நின்றுவிட்டது.

பையனுக்கு வண்டலூர் உயிரியல் பூங்கா, 600 ஹெக்டேர், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்கவேண்டாம். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்துக் கட்டடம், பின்பக்கம் யானை முதுகு மாதிரி வளைந்த தூங்கானை மாட விமானம், கூட்டமே இருக்காது. கிறிஸ்தவக் கல்லூரி வளாகம் 360 ஏக்கருக்கு மேல் காடாக இருக்கிறது. நினைத்த நேரத்தில் உள்ளே போய்விட முடியாது, ஆனால் அந்த மரங்களால் ஸ்டேஷன் பக்கம் மாலையில் காற்று இருக்கிறது. வீட்டுக்குப் பழைய மேசை, நாற்காலி, பூச்செடி வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை.

பழைய மகாபலிபுரம் சாலையில், அதாவது ஓ.எம்.ஆரில் வேலை என்றால் மட்டும் இங்கே வராதீர்கள். மேடவாக்கத்தில் மேம்பாலம் வந்தபிறகும் சோழிங்கநல்லூர் போய்த் திரும்புவதிலேயே நாள் போய்விடும், ரயிலால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. மேடவாக்கத்திலேயே பாருங்கள். பெரும்பாக்கம் பக்கம் போனால் இஸ்திரிக்காரரிடம் கொஞ்சம் கூடுதல் நேரம் பேசவேண்டியிருக்கும்.