குழந்தைக்குத் துணிப் புத்தகம் தைக்க ‘கிட்’ வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

ஒன்றரை வயசு வாண்டுக்கு பட்டன் மாட்ட, ஜிப் இழுக்க, வெல்க்ரோ பிய்க்க என்று நாலு பக்கத்தில் ஒரு துணிப் புத்தகம் தைக்கலாம் என்று ஆன்லைனில் ஒரு கிட் வாங்கினேன். ‘1 முதல் 3 வயது வரை, முழுப் பாதுகாப்பு’ என்று படத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வந்தது என்ன தெரியுமா?

ஃபெல்ட் துணி வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. தையல் போட்ட இடத்திலேயே ஊசித் துளை பெரிதாகிக் கிழிய ஆரம்பித்தது. சிவப்புத் துணியை ஈரக் கைக்குட்டையால் துடைத்தேன், கைக்குட்டை முழுக்கச் சாயம். பிள்ளை வாயில் வைக்கிற சாமான் இது! ஆனால் இதெல்லாம் சில்லறை விஷயம். உண்மையான வில்லங்கம் வண்டுப் பக்கத்தில்தான்.

வண்டின் இறக்கையைத் திறந்து மூட இரண்டு குட்டி வட்டக் காந்தங்கள். துணிக்குள் வைத்துத் தைக்கக்கூடச் சொல்லவில்லை. பசை தடவி ஒட்டி, மேலே ஒரு ஃபெல்ட் பொட்டு ஒட்டினால் போதுமாம். குறிப்பில் சொன்னபடியே ஒட்டி, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். காலையில் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன், பொட்டு பட்டென்று உரிந்து காந்தம் என் உள்ளங்கையில். அதை இன்னொரு காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோனால், நடுவில் என் விரல் சதை இருக்கும்போதே கவ்விப் பிடிக்கிறது.

அது ஏன் பயங்கரம் என்றால், ஒரு காந்தத்தை மட்டும் விழுங்கினால் வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு. இரண்டு போனால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டே ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய குடல் சுவருக்கு ரத்தம் போகாமல் ஓட்டை விழும். வெளியே பார்த்தால் சாதாரண வாந்தி, வயிற்று வலி மாதிரிதான் தெரியும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, அழுகை நிற்குமா என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய விஷயம்.

விற்றவருக்கு படத்தோடு எழுதினேன். வந்த பதில்: “மேடம், இது அலங்காரப் பொருள், பொம்மை அல்ல. அட்டையின் பின்புறம் குறிப்பிட்டுள்ளோம்.” திருப்பிப் பார்த்தால், பார்கோடுக்குக் கீழே எறும்பு சைஸில் ‘3 வயதுக்குட்பட்டோருக்கு ஏற்றதல்ல’. அப்போ படத்தில் போட்ட ‘1 முதல் 3’? அதற்குப் பதிலே இல்லை. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் பணம் திரும்பாதாம், வேண்டுமானால் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் தருகிறார்களாம். நல்ல மனசு!

கிட்டை மூட்டை கட்டிவிட்டு, கெட்டியான பருத்தித் துணியில் முதலிலிருந்து தைத்தேன். காந்தம் இருந்த இடத்தில் வெல்க்ரோ. பிய்க்கும் சத்தத்துக்காகவே பிள்ளைக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது. அந்தக் கிட்டில் வந்த சலங்கை மணியும் குப்பைக்குத்தான் போனது, அதன் பிளவைக் கத்திரி முனையால் லேசாக நெம்பினாலே உள்ளே இருக்கும் குண்டு வெளியே வருகிறது.

பட்டன் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பொம்மையில் தொண்டையில் சிக்கக்கூடிய சிறு உதிரிகள் உண்டா என்று சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள், அதன் விட்டம் 3.17 செ.மீ. அதற்குள் அடங்குகிற எதுவும் இந்த வயசுக்கு ஆபத்து. அதைவிடப் பெரிய பட்டனாகப் பார்த்து, பின்பக்கம் இன்னொரு துணித் துண்டு கொடுத்து, இரட்டை நூலில் பலமுறை ஓட்டி முடிச்சுப் போடுங்கள். பிறகு உங்கள் முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். பிள்ளை பல்லால் இழுக்கும், நாம் நினைப்பதைவிட மோசமாக. பட்டன் கோர்க்கும் ரிப்பனையும் குட்டையாக வெட்டுங்கள். சின்னப் பிள்ளைகளின் பொம்மையில் சுருக்கு விழக்கூடிய கயிறுக்கு ஐரோப்பியத் தரம் வைத்திருக்கும் வரம்பு 22 செ.மீ. கிட்டில் வந்ததோ கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றியும் மிச்சம் இருந்தது.

அந்தக் கடையில் இப்போது அந்தக் கிட் இல்லை. அதே படம், அதே வண்டு, வேறு கடைப் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் புகாரை அந்தப் பக்கத்திலும் போட்டிருக்கிறேன், அழிக்காமல் வைப்பார்களா தெரியவில்லை.