பின்நவீனத்துவம்: நாவல்ல ஒரு மாதிரி, மியூசிக்ல வேற மாதிரி

பின்நவீனத்துவம்னா கதையைக் கலைச்சுப் போடுறதுதானேன்னு ராயபுரம் பக்கம் என்கூட மியூசிக் வாசிக்கிற பசங்க கேக்குறாங்க. இலக்கியத்துக்கு அது ஓரளவு சரி, மியூசிக்குக்கு கிட்டத்தட்ட தலைகீழ்.

எல்லாத்தையும் ஒரே கதையில விளக்குற பெருங்கதையாடலை இனிமே நம்ப முடியாதுன்னு பிரெஞ்சு தத்துவவாதி லியோதார் எழுதினது 1979ல, பின்நவீனத்துவத்துக்கு அடிப்படையே அந்த அவநம்பிக்கைதான். அதே வருஷம் வந்த இத்தாலிய எழுத்தாளர் இதாலோ கால்வினோ நாவல்ல படிக்கிற நீதான் ஹீரோ, ஒரு நாவலைப் படிக்க ஆரம்பிப்ப, சூடு பிடிக்கிற நேரத்துல அறுந்துடும், வேற ஒண்ணு ஆரம்பிக்கும், இப்படியே பத்து ஆரம்பம். தமிழ்ல சாரு நிவேதிதாவோட ஜீரோ டிகிரி நாவல்லயும் நேர்கோட்டுக் கதைய தேடினா கிடைக்காது. ஆக வாசகனுக்கு வேலை ஜாஸ்தியாச்சு.

மியூசிக்ல எதிர்த்ததே வேற. ஷோன்பெர்க்ங்கற இசையமைப்பாளர் 12 சுரத்தையும் சமமா வரிசை கட்டினார், பின்னாடி வந்தவங்க அந்தக் கணக்கை தாளம், சத்த அளவு வரைக்கும் இழுத்தாங்க, முணுமுணுக்க ஒரு மெட்டு கூட மிஞ்சல. அதனால அமெரிக்க இசையமைப்பாளருங்க ஸ்டீவ் ரைக், பிலிப் கிளாஸ் எல்லாம் மறுபடி சீரான தாளத்துக்கு வந்தாங்க. ரைக் 1965ல, சான் பிரான்சிஸ்கோவுல தெருப் பிரசங்கம் பண்ணவரு குரல்ல ஒரு துண்டை ரெண்டு டேப்ல ஒண்ணா ஓடவிட்டார், ஒண்ணு மெதுவா விலக விலக பேச்சு அப்படியே தாளமா மாறிடும், கேட்டா காலு தானா ஆடும்!

இன்னொண்ணு, எழுத்துல ஒண்ணுக்கு அப்புறம்தான் ஒண்ணு வரும். மியூசிக்ல அப்படி இல்ல: இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோவோட சின்ஃபோனியாங்கற படைப்புல மூணாவது பகுதியில, அவருக்கு முன்னாடி இருந்த மாலரோட சிம்பனி அடியில ஓடிட்டே இருக்கும், மேல தெபுஸ்ஸி, ராவெல் இசைத் துண்டுங்க, அதுக்கும் மேல எழுத்தாளர் பெக்கெட் வரிகளைப் பேசுற குரல், எல்லாம் ஒரே நேரத்துல காதுல விழும். இந்த விஷயத்துல நாவல் மியூசிக்கை நெருங்கவே முடியாதுங்கறது என் கட்சி.

நம்ம கானாவையும் பின்நவீனத்துவ லிஸ்ட்ல சேர்க்குறாங்க, அதுல எனக்கு உடன்பாடில்ல. சாவு வீட்டுல பழைய சினிமா மெட்டை எடுத்து செத்தவரு பேரு, தெரு, பார்த்த வேலைன்னு வச்சு விடிய விடிய பாடுறது ஒட்டுவேலை மாதிரி தெரியலாம், ஆனா அந்த மனுஷன் வாழ்க்கை பாடத் தகுந்ததுன்னு முழுசா நம்பித்தான் கானாக்காரர் பாடுறாரு. சென்னை இசைக்குழு கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கூட கானா, ராப், ராக்னு கலந்தாங்க, சாதி ஒழியணும்ங்கற பெரிய கதைய மட்டும் விடவே இல்ல.

புதுசா வர்றவங்க முதல்ல ஹெட்போன் மாட்டி பெரியோவைக் கேளுங்க, அப்புறமா கால்வினோவை எடுங்க, அந்த அறுந்து அறுந்து போறது அப்போ இவ்ளோ மிரட்டாது.