ஃபுல் விண்ட்சரா, ஹாஃப் விண்ட்சரா, ஃபோர்-இன்-ஹேண்டா? முதலில் காலரைப் பாருங்கள்

நேர்காணல், கல்யாணம், பட்டமளிப்பு விழா என்று ஏதாவது வந்தால்தான் நம்மில் பலர் டை முடிச்சைப் பற்றியே யோசிக்கிறோம். அப்போது அவசரமாக ஒரு முடிச்சைக் கற்றுக்கொள்வோம், பெரும்பாலும் அது ஃபுல் விண்ட்சராக இருக்கும், அப்புறம் எந்தச் சட்டைக்கும் எந்த டைக்கும் அதையேதான் போடுவோம். நான் இதை மாற்றச் சொல்கிறேன். முடிச்சை முடிவு செய்ய வேண்டியது சட்டையின் காலர், அடுத்தது டையின் துணி. எந்த விழா என்பது அதற்கும் பிறகுதான்.

ஃபுல் விண்ட்சர் அகலமான, இரண்டு பக்கமும் சமமான முக்கோணம். கழுத்து வளையத்தை இருபுறமும் சுற்றி வருவதால்தான் அந்தப் பருமன் கிடைக்கிறது. காலர் முனைகள் நன்றாக விலகி நிற்கும் ஸ்ப்ரெட் காலரில், மெல்லிய பட்டு டையோடு போட்டால் உண்மையிலேயே கம்பீரம். அதே முடிச்சை முனைகள் நெருங்கிக் கீழே இறங்கும் சாதாரணக் காலரில் போட்டுப் பாருங்கள், முடிச்சு காலரை இரண்டு பக்கமும் தள்ளித் தூக்கிவிடும், தொண்டையில் ஏதோ உருண்டை உட்கார்ந்த மாதிரி இருக்கும். இன்னொரு சிக்கல் நீளம். கடையில் கிடைக்கும் டை பெரும்பாலும் 145 முதல் 150 செ.மீ. வரைதான். விண்ட்சர் அதில் நிறைய விழுங்கிவிடுவதால், உயரமானவர்களுக்கு டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொடாமல் வயிற்றுக்கு மேலேயே நின்றுவிடும்.

பெயருக்குக் காரணமான விண்ட்சர் கோமகன், அதாவது 1936-ல் முடி துறந்த பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட், இந்த முடிச்சைப் போட்டதே இல்லை. அவர் தடிமனான லைனிங் (உள்ளே வைத்துத் தைக்கும் துணி) வைத்து டைகளைத் தைத்துக்கொண்டு, சாதாரண ஃபோர்-இன்-ஹேண்ட் முடிச்சையே போட்டார். அந்தப் பருமனைப் பார்த்தவர்கள் அதே தோற்றம் வரவேண்டும் என்று சுற்றுகளைக் கூட்டினார்கள். பருமனைத் துணியே தரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஃபோர்-இன்-ஹேண்ட்தான் என் முதல் தேர்வு. அகலமான முனையை வலப்பக்கம் தொங்கவிட்டு, குறுகிய முனையைவிட ஒரு முப்பது செ.மீ. கீழே இருக்குமாறு வையுங்கள். அகல முனையைக் குறுகியதன் மேலாக இடப்பக்கம் கொண்டு போய், பின்னால் சுற்றி வலப்பக்கம் எடுத்து, மறுபடி முன்னால் இடப்பக்கம் கொண்டு வந்து, கழுத்து வளையத்துக்குள் கீழிருந்து மேலே ஏற்றி, முன்பக்கம் உருவான மடிப்புக்குள் இறக்கினால் முடிந்தது. முடிச்சு லேசாக ஒரு பக்கம் சாயும். அதைக் குறை என்று நினைத்து இழுத்து இழுத்து நேராக்க வேண்டாம், அந்தச் சாய்வுதான் அதன் அழகு. கம்பளி டை, பின்னல் டை போன்ற தடித்த துணிகளுக்கு இதைத் தவிர வேறு முடிச்சு தேவையே இல்லை.

ஹாஃப் விண்ட்சர் நடுவில் நிற்கிறது. கழுத்து வளையத்தை ஒரு பக்கம் மட்டும் சுற்றுவதால் அளவான பருமன், ஏறக்குறையச் சமமான முக்கோணம். சாய்ந்த முடிச்சு அலட்சியமாகத் தெரியுமோ என்று நேர்காணலுக்கு முன் பயப்படுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நடுத்தர விரிவுள்ள காலருக்குக் கச்சிதம்.

பிராட் முடிச்சையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1989-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் டான் ஷெல்பி போட்டு அது பிரபலமானது, அதனால் ஷெல்பி முடிச்சு என்றும் சொல்வார்கள். டையின் உள்பக்கம் வெளியே தெரியுமாறு தொடங்க வேண்டும். நேர்த்தியாக வரும், நீளமும் குறைவாகத்தான் பிடிக்கும், எனவே டை சிறியதாக இருந்தால் கை கொடுக்கும்.

1999-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த தாமஸ் ஃபிங்க், யோங் மாவோ என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டு, வழக்கமான டையில் 85 முடிச்சுகள் சாத்தியம் என்று காட்டினார்கள். அவர்கள் கணக்கில் ஃபோர்-இன்-ஹேண்டுக்கு 4 அசைவு (அகல முனையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் கொண்டு போவது ஒரு அசைவு), பிராட்டுக்கு 5, ஹாஃப் விண்ட்சருக்கு 6, ஃபுல் விண்ட்சருக்கு 8. அசைவு கூடக் கூட முடிச்சு பருக்கிறது, மீதி நீளம் குறைகிறது. அழைப்பிதழில் 'பிளாக் டை' என்று சம்பிரதாயமான மாலை விருந்து உடை கேட்டிருந்தால் இதில் எதுவுமே பொருந்தாது, அங்கே பட்டாம்பூச்சி போல நிற்கும் 'போ டை'தான் (bow tie) கட்ட வேண்டும்.

எதைப் போட்டாலும் இறுக்குவதற்கு முன் முடிச்சுக்குக் கீழே ஆள்காட்டி விரலால் நடுவில் அழுத்தி ஒரு சிறு குழி விழச் செய்யுங்கள். அந்தக் குழி வந்தால் எளிய முடிச்சும் எடுப்பாகத் தெரியும். மாலையில் கழற்றும்போது குறுகிய முனையைப் பிடித்து உருவ வேண்டாம், லைனிங் முறுக்கிக்கொள்ளும். கட்டிய வரிசையைத் திருப்பி, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, தொங்கவிட்டு வையுங்கள்.