ஆக்டேவியா விஆர்எஸ் ஸ்டியரிங் லூசுக்கு லெம்ஃபோர்டர் உதிரிகள்: காசுக்குத் தகுமா?

2004இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 1.8 டர்போ, 150 குதிரை சக்தி. பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு பக்கம் இன்னும் ஓடுகிறவை எல்லாம் லட்சம் கிலோமீட்டரை எப்போதோ தாண்டியவைதான். இந்த வண்டியில் ஸ்டியரிங் லூசு என்று பட்டறைக்குப் போனால், முதலில் கேட்கிற பதில் "ரேக் போயிடுச்சு", அதாவது ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சட்டம் தேய்ந்துவிட்டது. பெரும்பாலும் ரேக் போயிருக்காது. போயிருப்பது சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ், அடுத்து ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்.

உதிரி வாங்கும் முன் சோதனை. டயரில் காற்றைச் சரி பார்த்துவிட்டு, டயர் தரையில் இருக்கும்போதே, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் லேசாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். டை ராடின் உள்பகுதியான இன்னர் ராடின் பந்து மூட்டு ரப்பர் உறைக்குள் (பூட்) இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. உறையைப் பிடித்து அமுக்கினால் 'டக்' என்று விரலில் தட்டும். பிறகு ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை 9, 3 மணி நிலையில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் ராட். 12, 6இல் ஆட்டம் இருந்தால் ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயிண்ட் அல்லது சக்கர பேரிங். யாராவது பிரேக்கை மிதித்ததும் அந்த ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்தான்.

பின் புஷ்ஷின் குணம் வேறு. ஆக்சிலேட்டர் மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் வண்டி நகரும். முன்சக்கரம் இழுக்கும் டர்போ வண்டியில் இது நன்றாகவே தெரியும். லிவர் கம்பி கொடுத்து நெம்பினால் ரப்பர் கிழிசல் வாயைத் திறக்கும். ஒன்று கவனிக்க: ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் நாட்களில் கோவை–பொள்ளாச்சி சாலையில் நல்ல வண்டியே ஒதுங்கும். சாலைச் சோதனையைக் காற்றில்லாத விடியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

லெம்ஃபோர்டர், ஜெர்மன் வாகன உதிரி நிறுவனமான இசட்எஃப் குழுமத்தின் பிராண்ட். ஒரு முழு வேலைக்கு இன்னர் ராட் 2, எண்ட் (டை ராடின் வெளிமுனை மூட்டு) 2, பால் ஜாயிண்ட் 2, ஆர்ம் புஷ் 4. எண்ட் இடது, வலது வேறு வேறு என்பதால் பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். கைக்கு வந்ததும் பந்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: புது ஜாயிண்ட் இறுக்கமாகத்தான் நகரும். தானாகத் தொங்கினால் போலி என்று வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயரில்லாத எண்டுகளில் முதலில் கிழிவது ரப்பர் தொப்பி. அதன் வழியே நம் ஊர் செம்மண் தூசியும் மழைத்தண்ணீரும் உள்ளே போனபிறகு பந்து தேயாமல் என்ன செய்யும்?

பலர் பரிந்துரைக்கும் பாலியூரித்தேன் புஷ் இந்தச் சாலைகளுக்கு வேண்டாம். வளைவில் கூர்மையாக இருக்கும், உண்மை. ஆனால் அதிர்வு முழுக்க ஸ்டியரிங்குக்கு வரும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். ரப்பரே போதும்.

பொருள் நல்லதாக இருந்தும் வேலை கெடுகிற இடங்கள் உண்டு. எண்டைக் கழற்ற இடையில் ஃபோர்க் (கவை) கொடுத்துச் சுத்தியலால் அடித்தால் பூட் கிழியும். இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் போடச் சொல்லுங்கள். எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணி வைத்து அதே அளவு முறுக்கினால் அலைன்மென்ட் கடை வரையாவது வண்டி நேராகப் போகும். பால் ஜாயிண்ட் ஆர்மில் மூன்று போல்ட்டில் நிற்கிறது, துளைகள் நீள்வட்டம். பழைய இடத்தைக் கீறி வைக்காவிட்டால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறும். பின் புஷ்ஷைப் பிரெஸ்ஸில் இறக்கும் முன் பழையது எந்தத் திசையில் நின்றது என்று ஆர்மில் குறியுங்கள். அதே திசையில் போக வேண்டும், தப்பினால் ரப்பர் சீக்கிரம் கிழியும். முன் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கக் கூடாது. வண்டி தன் எடையில் நின்ற உயரத்தில்தான் கடைசி இறுக்கம். ஆர்ம் போல்ட்டுகள் குறித்த டார்க் (முறுக்கு அளவு) வைத்த பிறகு மேலும் 90 டிகிரி திருகப்படுபவை, நீண்டுவிடும். புது போல்ட் கட்டாயம். செட் வாங்குகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

ரேக்கின் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை முறுக்கி 'சரி செய்து' தருகிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். ரேக் தேய்வது நடுவில். நடுவுக்கு இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும், திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. வளைவில் இது லூசைவிட ஆபத்து.

மதிப்பீடு: ராட், எண்ட், பின் புஷ் மூன்றும் விலைக்குத் தகும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்கை இதோடு சேர்த்துப் பில் போட்டால் மறுக்கலாம். அது சத்தம் தரும், லூசு தராது. சோதனையில் பின் புஷ் மட்டும் கிழிந்திருந்தால் இரண்டு புஷ், புது போல்ட், ஸ்டியரிங்கை நடுவில் பூட்டிச் செய்த அலைன்மென்ட், இவ்வளவே போதும்.