ஊரில் எடுத்த இரத்தப் பரிசோதனையும் பக்கவாதக் கணிப்பும்

விடுமுறையில் ஊருக்கு வரும் வெளிநாட்டுவாசிகள் பலரைப் போல நானும் இம்முறை ஓர் ஆய்வகத்தின் முழு உடல் பரிசோதனைத் தொகுப்புக்குப் பதிவு செய்தேன். சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்தார்கள். மாலைக்குள் அறிக்கை கைப்பேசிக்கு வந்துவிட்டது. இந்த வேகத்தையும், மருத்துவர் சீட்டு இல்லாமலே இரத்தத்திலுள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வரை பார்த்துக்கொள்ள முடிகிற வசதியையும் மனமாரப் பாராட்டுகிறேன்.

என் குறை அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பற்றியது. எல்.டி.எல். கொழுப்பு, ட்ரைகிளிசரைடு, மூன்று மாதச் சர்க்கரை, ஹோமோசிஸ்டீன் ஆகியவற்றை மட்டும் வைத்து, 'பக்கவாத அபாயம்: குறைவு' என்று பச்சை நிறத்தில் அச்சிட்டிருந்தார்கள். இரத்தம் எடுக்க வந்தவர் இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. புகைப்பழக்கம் உண்டா என்று எவரும் கேட்கவுமில்லை. பக்கவாதத்துக்கான காரணிகளில் முதலிடம் உயர் இரத்த அழுத்தத்துக்கே என்பதைப் பல நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு உறுதிப்படுத்தியிருக்கிறது. 1991இல் வெளியான ஃபிரேமிங்காம் பக்கவாதக் கணிப்பு அட்டவணையில் வயது, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நீரிழிவு, இதய நோய், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் சீரற்ற இதயத் துடிப்பு போன்றவை இருக்கின்றன. கொலஸ்ட்ரால் இல்லவே இல்லை. பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கும் அந்தத் துடிப்புக் கோளாறு இ.சி.ஜி.யில்தான் தெரியுமே தவிர, கொழுப்பிலும் சர்க்கரையிலும் தெரியாது. இவற்றை விட்டுவிட்டு இரத்தத்தை மட்டும் பார்த்து 'குறைவு' என்று சொல்வதைக் கணிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காக இரத்த அளவுகள் வீண் என்று பொருளல்ல. மூன்று மாதச் சர்க்கரை 6.5 சதவீதத்தை எட்டினால் நீரிழிவு. அது பக்கவாத வாய்ப்பைத் தெளிவாகவே உயர்த்துகிறது. எல்.டி.எல்.லைக் குறைத்தால் இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதம் குறைகிறது. உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சற்றுச் சிக்கலானது: பயணத்தில் பிடித்த சளிக்கே அது ஏறிவிடும் என்பதால், லிட்டருக்கு 10 மி.கி.யைத் தாண்டினால் உடல் தேறியபின் மறுபடி பார்ப்பதே முறை.

வெளிநாட்டு மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டுவோர் அலகுகளையும் கவனிக்க வேண்டும். அங்கே மில்லிமோலில் எழுதினால், ஊர் அறிக்கையின் மில்லிகிராம் எண்ணைச் சர்க்கரைக்கு 18ஆலும், கொலஸ்ட்ராலுக்கு 38.7ஆலும், ட்ரைகிளிசரைடுக்கு 88.6ஆலும் வகுக்க வேண்டும்.

இத்தனை இருந்த தொகுப்பில், இரத்தக்குழாய் அடைப்போடு தொடர்புடைய லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளுக்கான சோதனை மட்டும் இல்லை. பெரும்பாலும் மரபணுவே அதன் அளவைத் தீர்மானிப்பதால், பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே போதும். கேட்டபோது தனியாகச் செய்து தந்தார்கள். அந்த எண்ணோடு, வீட்டுக் கருவியில் காலையும் மாலையும் எடுத்த இரத்த அழுத்தக் குறிப்பையும் சேர்த்தே என் மருத்துவருக்கு அனுப்பினேன். பச்சைப் பக்கத்தை அனுப்பவில்லை.