ஒன்றரை வருட மூச்சுப் பயிற்சி: எனக்கு ஒத்துவந்ததும் ஒத்துவராததும்

போன வாரம் பாண்டிச்சேரியிலிருந்து நண்பன் போன் செய்தான். படபடப்பு அதிகமாக இருக்கிறது, கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) வகுப்பில் சேரட்டுமா என்று கேட்டான். "வேண்டாம்டா, கொஞ்சம் பொறு" என்றேன். காரணத்தைப் போனில் சொல்லி முடியவில்லை.

ஒன்றரை வருடம் முன்பு நானும் இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். அதற்கு முன்பே நெஞ்சை அடைக்கிறது என்று ஓடிப்போய் ஈசிஜி எடுத்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாராக இருந்தாலும் அதை முதலில் பார்த்துவிடுங்கள். மூன்றாம் நாள் பஸ்திரிகா. வேகவேகமாக இழுத்து விடச் சொன்னார்கள். இரண்டாவது சுற்றிலேயே உதடு மரத்தது, விரல் நுனியெல்லாம் சுருசுருவென்றது, தலை கிறுகிறுத்தது. எனக்குப் படபடப்பு வந்தால் எப்படி இருக்குமோ அச்சு அசல் அதேதான். கண்ணைத் திறந்தேன். "உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் வெளியே போகுது, விடாதீங்க" என்றார் பயிற்றுநர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெளியே போனது கரியமில வாயு. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் அது குறையும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். கிறுகிறுப்பு அதனால்தான். ஏற்கெனவே பயந்துபோய் வந்தவனிடம் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

வீட்டிலும் இதே கதைதான். படபடக்கிறது என்றால் போதும், "நல்லா ஆழமா இழு" என்பார்கள். இழுத்து இழுத்துத்தான் மோசமானது.

அப்புறம் நாடிசுத்தி, அதாவது மூக்கின் ஒரு துளையை மாற்றி மாற்றி மூடி மூச்சு விடுவது. மூச்சை அடக்கச் சொல்லும் வரை அது சுகமாகவே இருந்தது. திருமூலர் கணக்கு பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 மாத்திரை நேரம். ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம். குருவின் பக்கத்திலிருந்து பல காலம் பழகுகிறவர்களுக்கு அது சரி. எனக்கு 10 எண்ணுவதற்குள் மூச்சு முட்டிவிடுமோ என்ற பயம் வந்துவிடும். கும்பகத்தை விட்டுவிட்டேன். இழுப்பதைப் போல இரண்டு மடங்கு நேரம் விடுவதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அதன் அருமை புரிந்தது ஒரு டீக்கடையில். கொதிக்கக் கொதிக்கக் கையில் டீ. உதட்டைக் குவித்து, ஆடை ஒதுங்கும்படி மெதுவாக ஊதிக்கொண்டிருந்தேன். நாலைந்து தரம் ஊதியதும் தோள்பட்டை தானாக இறங்கியது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மட்டுப்படும், அதை நான் அன்றைக்குத்தான் உடம்பில் உணர்ந்தேன். இப்போது 4 எண்ணி மூக்கால் இழுத்து, 6 அல்லது 8 எண்ணி ஊதுகிறேன். பாண்டிச்சேரி பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டே செய்வேன், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. மாத்திரை போட்டும் வராத தூக்கம் இதில் வந்திருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும், நேற்று ராத்திரி அதுவும் கைகொடுக்கவில்லை. எண்ண எண்ண மூச்சின் மேலேயே கவனம் போய், அடுத்த மூச்சு வருமா என்றே பயந்துவிட்டேன். எழுந்து முகம் கழுவி, தெருமுனை வரை இரண்டு தரம் நடந்த பிறகுதான் அடங்கியது. அதனால் இன்றைய மனநிலையில் எந்த மூச்சுப் பயிற்சியையும் நண்பனுக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா, சில்வர் பீச்சில் நடக்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.