காலையில் மலாக்கா, இரவுச் சாப்பாடு ஜூரோங்கில்

என் அம்மா பிறந்தது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துத் தங்காக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். கல்யாணமாகி அவர் சிங்கப்பூர் வந்துவிட்டார். சின்னம்மா மலாக்காவில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருந்துவிட்டார். அக்காவைத் தங்கையிடம் கொண்டுபோய் விட்டு, அன்றைக்கே வீடு திரும்ப வைப்பது 2016-லிருந்து என் பொறுப்பு. சிங்கப்பூரில் எங்கள் ஜூரோங் வெஸ்ட் வீட்டிலிருந்து துவாஸ் எல்லைப் பாலம் வழியாக ஒரு வழிக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கொரோனாவால் எல்லை மூடிக்கிடந்த இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டால், வருடத்துக்கு நான்கு தடவையாவது போயிருப்போம். முப்பதைத் தாண்டியிருக்கும். நடுவில் வண்டியே மாறிவிட்டது.

"ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாமே" என்று கேட்காத ஆளில்லை. அம்மாவுக்கு எழுபத்தேழு வயது, முழங்கால் வலி. சின்னம்மா வீட்டில் படுக்கையறைகள் எல்லாம் மாடியில். அதோடு தன் கட்டிலைத் தவிர வேறெங்கு படுத்தாலும் அம்மாவுக்குத் தூக்கம் வராது. ஆகவே போன அன்றே திரும்பினால்தான் உண்டு.

சாலையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. மலேசியாவின் பிளஸ் நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை போகலாம். துவாஸ் பாலத்தைத் தாண்டிவிட்டால் மலாக்காவுக்குப் பிரியும் ஆயர் குரோ வெளிவழி வரை வண்டியோட்டும் நேரம் இரண்டரை மணிதான். அந்த நாள் சுகமாக இருக்குமா, சித்திரவதையாகுமா என்பதைச் சோதனைச்சாவடிகளில் நிற்கிற நேரம்தான் முடிவுசெய்கிறது. இதைப் புத்தியில் ஏற்றிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

2017 ஜூன் பள்ளி விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சின்னம்மா இன்னொரு தேநீர் என்றார், அம்மா இன்னும் கொஞ்ச நேரம் என்றார், மாலை ஆறுக்குத்தான் மலாக்காவிலிருந்து கிளம்பினோம். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் சிவப்பு விளக்குகளாக நின்றன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. அம்மாவுக்குக் கழிப்பறை போகவேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி ஒன்று. யாரையும் குறை சொல்ல முடியாது, நாங்கள் புறப்பட்ட நேரம்தான் தப்பு. அன்றிலிருந்து திரும்புகிற நேரத்தை முதலில் முடிவுசெய்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் யோசிக்கிறேன். மூன்று மணி. சின்னம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தாலும் மூன்று மணிதான்.

எந்தக் கிழமை என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேலைநாள், ஊர்சுற்றக் கிளம்புகிற கூட்டம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு நாங்கள் ஞாயிறாகப் பார்த்துப் போனோம். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையை அந்தக் கணக்கில் சேர்க்காததால்தான் மேலே சொன்ன கூத்து. 2025 ஜனவரி முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, அந்தக் கணக்கும் போயிற்று. இப்போது நான் செவ்வாய் அல்லது புதன்கிழமையில் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன். விடிகாலையில் ஜொகூர்க்காரர்கள் வேலைக்காகச் சிங்கப்பூருக்குள் வந்துகொண்டிருப்பார்கள், நாங்கள் வெளியே போவோம். மாலையில் அவர்கள் வீடு திரும்பும்போது நாங்கள் உள்ளே வருவோம். இரண்டு வேளையும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. இதை ஏன் முதல் வருடமே யோசிக்கவில்லை என்று நினைத்தால் இப்போதும் என் மேல்தான் எரிச்சல் வரும்.

எல்லையைக் கடக்க உட்லண்ட்ஸா துவாஸா என்று கேட்பவர்களுக்கு: மலாக்காவுக்கு என்றால் நான் துவாஸ் கட்சி. உட்லண்ட்ஸில் 1924-இல் திறந்த கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் நீளம்தான், ஆனால் நேராக ஜொகூர் பாருவின் நடுவில் கொண்டுபோய் விடும். 1998-இல் திறந்த துவாஸ் இரண்டாவது இணைப்பில் ஏறினால் நகரத்துக்குள் நுழையாமலே செனாய் பக்கம் போய் நெடுஞ்சாலையில் சேர்ந்துவிடலாம். ஈசூனில் இருக்கும் என் நாத்தனார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் வீட்டு வாசலில் உட்லண்ட்ஸ் இருக்கிறது, துவாஸ் வரை மெனக்கெட அவருக்கு மனம் வராது.

புறப்படுவது காலை ஐந்தேகால். பெட்ரோல் முதல்நாள் மாலையே போட்டாகிவிடும். சிங்கப்பூர் வண்டி நாட்டை விட்டு வெளியே போகும்போது தொட்டியில் முக்கால் பங்காவது இருக்கவேண்டும், இல்லையென்றால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அதோடு திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். முள் முக்காலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்போது "போதும், போதும்" என்பார் என் வீட்டுக்காரர். போதாது. முழுசாக நிரப்பிவிட்டால் போய்வரச் சரியாக இருக்கும், அங்கே பெட்ரோல் நிலையம் தேடுகிற வேலையும் மிச்சம். அப்படியே போட நேர்ந்தாலும் ரோன் 97 வகைப் பெட்ரோல்தான். வெளிநாட்டு வண்டிக்கு ரோன் 95 விற்கக்கூடாது என்று 2010-லிருந்தே மலேசியாவில் விதி இருக்கிறது.

மலேசியாவுக்குள் நுழையும்போது வண்டிக்கு 20 ரிங்கிட் சாலைக் கட்டணம். 2016 நவம்பரில் வந்தது இது, எங்கள் முதல் பயணத்தில் இல்லை. டச் என் கோ என்கிற, முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் அட்டையில் கழித்துக்கொள்வார்கள். 2022-இல் எல்லை திறந்த பிறகு முதல் தடவை போனபோது, இரண்டு வருடம் மேசை இழுப்பறையில் கிடந்த அட்டையை அப்படியே எடுத்துப் போனேன். மிச்சம் நான்கு ரிங்கிட். பின்னால் வண்டிகள் ஒலியெழுப்ப, நான் வியர்த்து வழிந்து நின்றதை என் மகன் இன்றும் நடித்துக் காட்டுவான். சுங்கச்சாவடிகளுக்கும் அதே அட்டைதான், ஆகவே இப்போது 100 ரிங்கிட்டுக்குக் குறையாமல் வைத்திருக்கிறேன். விஇபி என்கிற, வெளிநாட்டு வண்டிகளுக்கான நுழைவு அனுமதியும் எடுத்து, அதன் பட்டையை வண்டியில் ஒட்டியாகவேண்டும். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தப் பட்டை இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். பட்டை வண்டியோடு சேர்ந்தது, வண்டி மாறினால் புதிதாகப் பதியவேண்டும்.

இத்தனை வருடத்தில் வந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியில் வந்த கியூஆர் குறியீடு. 2024 மார்ச்சில் தொடங்கினார்கள். முன்பெல்லாம் நான்கு பேருடைய கடப்பிதழையும் (பாஸ்போர்ட்) ஒன்றாகத் திரட்டி நீட்டவேண்டும். ஒன்று எப்போதும் இருக்கைக்கு அடியில் விழுந்திருக்கும். இப்போது சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் குடும்பத்துக்கே ஒரு குறியீட்டை முதல்நாள் இரவே எடுத்துவைத்தால் போதும். அதற்காகக் கடப்பிதழை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள், மலேசியப் பக்கம் அது இல்லாமல் நகர முடியாது.

இனி வண்டிக்குள். யார் எங்கே உட்காருவது என்பதை நான்கைந்து பயணத்துக்கு அப்புறம்தான் கவனித்தேன். போகும்போது வடமேற்காகப் போகிறோம், காலை வெயில் வலப்பக்கப் பின்னிருக்கையில் விழுகிறது. திரும்பும்போது தென்கிழக்கு, மாலை வெயில் மேற்கிலிருந்து மறுபடி அதே வலப்பக்கப் பின்னிருக்கையில்! அந்த இடத்தில் உட்காருகிறவர் இரண்டு வேளையும் வேகவேண்டியதுதான். அது இப்போது என் மகனுடைய இடம். அம்மாவுக்கு முன்னால் இடப்பக்கம், இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி, கால் வைக்க ஒரு குட்டி முக்காலி. கழுத்துத் தலையணை, காலுக்கு மசாஜ் கருவி என்று கடையில் வாங்கிய எதுவும் இரண்டு பயணத்துக்கு மேல் தாங்கவில்லை. முக்காலி மட்டும் நிலைத்தது, தேக்காவில் வாங்கியது.

முதல் நிறுத்தம் மாச்சாப் ஓய்விடம். கொண்டுபோன புளிச்சோறு இருந்தாலும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் இல்லாமல் யாரும் வண்டியில் ஏறமாட்டார்கள். நோன்பு மாதத்தில் மட்டும் பகலில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அப்போது புளிச்சோறுதான் கைகொடுக்கும். கழிப்பறைத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். அம்மாவுக்குப் பிடிமானமுள்ள செருப்பு ஒன்று இதற்காகவே வண்டியில் கிடக்கிறது. குந்துகிற கழிப்பறை அவரால் முடியாது, உடற்குறையுள்ளோருக்கான அறையைத்தான் தேடுவோம். பசி, தாகம் இருக்கிறதோ இல்லையோ, ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி அம்மாவைப் பத்து நிமிடம் நடக்கவைப்பேன். நடக்காமல் போன நாட்களில் மலாக்காவில் வண்டியைவிட்டு இறங்கவே அவர் படாதபாடு பட்டிருக்கிறார்.

அப்புறம் இருபக்கமும் செம்பனைத் தோட்டங்கள்தான். பேச்சுக் குறையும். தங்காக் வரும்போது வலப்பக்கம் குனோங் லேடாங் மலை தெரியும், அம்மா நிமிர்ந்து உட்காருவார். நெடுஞ்சாலை வராத காலத்தில், மூவாரில் பாலமும் வராத காலத்தில், பேருந்தைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடந்த கதை வரும். முப்பது தடவை கேட்டாயிற்று. போன தடவை அதில் புதிதாக ஓர் ஆடு சேர்ந்திருந்தது.

மலாக்காவில் ஒரே ஒரு காரியம்தான் என்பது என் இன்னொரு விதி. ஆரம்பத்தில் ஜோங்கர் தெரு, செந்நிற ஸ்டாட்ஹைஸ், கோட்டை வாசல், செண்டோல், கடைசியில் சின்னம்மா என்று ஓடினோம். எல்லாவற்றையும் பார்த்தோம், எங்கேயும் உட்காரவில்லை. பிறகு ஒன்பதரை மணிக்குள் பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போய்விடுவோம். 1781-இல் கட்டிய கோயில். அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தத் தெருக்கள் குறுகலானவை, ஒருவழி வேறு. பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் தேடுவது தண்டனை. கும்பிட்டு முடித்தால் நேரே சின்னம்மா வீடு.

மதியச் சாப்பாட்டில்தான் ஆபத்து. வாழையிலை போட்டு, இரண்டு கறி, ரசம், பாயசம் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினால், ஆயர் ஹீத்தாம் தாண்டிய நீள நேர்ச்சாலையில் கண் தானாகச் சொருகும். ஒரு தடவை சக்கரம் ஓரக்கோட்டுப் புடைப்பில் ஏறித் தடதடத்த பிறகுதான் எனக்கு விழிப்பு வந்தது. அன்றைக்கு வண்டியில் யாருக்கும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். அதன்பிறகு போகும்போது வீட்டுக்காரர் ஓட்டுகிறார், வரும்போது நான். வரும்போது ஓட்டுகிறவருக்கு மதியம் அரைச் சோறு, சின்னம்மா வீட்டு வரவேற்பறைத் தரையில் இருபது நிமிடத் தூக்கம். மகன் உரிமம் எடுத்துவிட்டான், ஆனால் மழை நாளில் அவனிடம் கொடுக்க எனக்கு இன்னும் தைரியமில்லை. யோங் பெங் பக்கம் மாலை மழை கொட்டினால் முன்னால் போகும் வண்டியே தெரியாது. மோட்டார்சைக்கிள்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நிற்பார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்து மாச்சாப் ஓய்விடம் வரை ஊர்ந்தாவது வந்து, மழை விடும்வரை அங்கேயே உட்கார்ந்துவிடுவது என் பழக்கம். அந்த அரை மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் மூன்று மணி.

சாமான் விஷயம்: 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே போய்வந்தால் ஒருவருக்கு 100 வெள்ளி மதிப்புவரைதான் பொருள் சேவை வரி விலக்கு. எங்களுக்கு அது தாராளம். சின்னம்மா கட்டிக்கொடுக்கும் மலாக்கா வெல்லமும் டோடோலும் அந்த அளவை எட்டப்போவதில்லை. அவர் கொடுக்க நினைக்கும் ஆட்டுக்கறியைத்தான் ஒவ்வொரு தடவையும் கெஞ்சித் திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கிறது, இறைச்சியைத் தூக்கிக்கொண்டு எல்லையைக் கடக்க முடியாது. ஏழரை மணிக்கு ஜூரோங். சோறு வடித்தால் போதும், குழம்பு சின்னம்மாவுடையது என்று இருந்த காலம் போய், இப்போது கீழ்த்தளக் கடையில் மீ கோரெங்.

சரி, இத்தனை விதி போட்டும் போன வருடக் கடைசியில் அம்மாவால் முடியவில்லை. திரும்பும்போது பாகோ ஓய்விடத்தில் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார், கால் அவ்வளவு வீங்கியிருந்தது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். சின்னம்மா மகன்தான் வழி சொன்னான்: "அக்கா, நீங்க ஏன் மலாக்கா வரைக்கும் வர்றீங்க? நான் அம்மாவ மூவாருக்குக் கூட்டிட்டு வந்துடுறேன்." மலாக்காவிலிருந்து மூவாருக்கு 45 கிலோமீட்டர் அளவுதான். எங்களுக்குப் பாகோ வெளிவழியிலேயே இறங்கிவிடலாம், போகவரச் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சம். இத்தனை வருடம் நான் நேரத்தை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தேன், தூரத்தை வெட்டலாம் என்று தோன்றவேயில்லை.

இந்த வருடம் மூன்று தடவை மூவார்தான். காலையில் மீ பண்டோங், பிறகு தஞ்சோங் எமாஸ் ஆற்றோரத்தில் மரநிழலாகப் பார்த்து இரண்டு மடக்கு நாற்காலி. விநாயகரைப் பார்க்க முடியவில்லையே என்று அம்மாவுக்கு ஒரு குறை இருக்கிறது. எனக்குச் சின்னம்மா வீட்டுத் தரையில் போடும் தூக்கம் போய்விட்டது, காரிலேயே இருக்கையைச் சாய்த்துப் படுக்கிறேன், அது அவ்வளவு சுகமில்லை. ஆனால் அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் நேரம் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

போன தடவை நான் கைபேசியைப் பார்ப்பதற்குள் அம்மாவே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நேரம் இரு, அக்கா" என்று சின்னம்மா கையைப் பிடித்து இழுத்தார். "இவ மூணு மணிக்குக் கத்துவா" என்றார் அம்மா. மணி அப்போது இரண்டே முக்கால்தான்.